தம்பி டைப் அடித்து வைத்தது

பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொண்டது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். குழந்தைக்குச் சளி விட்டதா? நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அதற்குமேல் கேட்காதே.

போனில் பேசலாமே என்று சொல்லிவிட்டுப் போனாய். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெஷின் ரூமில் காதைத் தொலைத்தவனிடம் போனில் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடிதமே எழுது.

உன் தம்பியின் ரிப்போர்ட்டுகளை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. நேற்றுப் போனேன். டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் என் காதருகில் குனிந்து, "உங்களுக்கு ஒண்ணு டைப் அடிச்சு வீட்டு கம்ப்யூட்டர் மெஷின்ல வச்சிருக்கேன்னு உங்க மகன் சொன்னாரே, படிச்சீங்களா?" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் எனக்கு என்ன எழுதியிருப்பான்? திட்டித்தான் எழுதியிருப்பான். எழுதட்டும். அதை நான் படித்தாக வேண்டும், பாப்பா. மகன் சாகும்போது என்னைப் பற்றி என்ன நினைத்தான் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

அவன் அறைக்குப் போய் மெஷினைப் போட்டேன். மற்றவர்கள் வீட்டில் இருப்பதுபோல் படம் கிடம் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நீங்கள் இரண்டு பேரும் யூனிக்ஸ், யூனிக்ஸ் என்று மணிக்கணக்காகப் பேசுவீர்களே, நான் நடுவில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அந்தச் சனியன்தான். பெயர் கேட்டது, அவன் பெயரை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. என்ன அடித்தாலும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினேன். அப்புறமும் அப்படியேதான்.

நீயும் அதே தொழில்தானே. பாஸ்வேர்டு தெரிந்தால் எழுது. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள்.

உன் அப்பா


மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. நீங்கள் பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, கழற்றாதீர்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்று யூனிக்ஸ் எதையும் காட்டாது. தம்பியின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை.

இப்போது இது எதற்கு அப்பா? அடுத்த வருஷம் வரும்போது நானே பார்க்கிறேன். அதுவரை அந்த அறையைப் பூட்டி வையுங்கள். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, எல்லோரும் சௌக்கியம் என்பதில் சந்தோஷம். எனக்கும் பிரஷர் ஒரு மாதிரி அடங்கியிருக்கிறது. அதை ஏற்றிவிடுவதற்காகவே நீ கடிதம் எழுதினாயா?

அடுத்த வருஷமாம்! அடுத்த வருஷம் நான் இருப்பேன் என்று எனக்கு யார் எழுதிக் கொடுத்தது?

நீ சொல்ல மாட்டாய் என்றதும் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கூட்டிவந்தேன். பத்து நிமிஷம் தட்டிப் பார்த்தான். "சார், இது எனக்குப் பழக்கமில்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடுத்துடறேன், ஜம்முனு இருக்கும்" என்கிறான். "உன்னை அழிச்சிட்டு புதுசா போட்டா ஒத்துக்குவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். நீயாக வழி சொல்லவில்லை என்றால் இன்னொருத்தனைத் தேடுவேன். அவன் கேட்காமலே அழித்துவைத்தால் அந்தப் பாவம் உனக்கு.

நான் படிக்காதவன்தான். ஆனால் எந்த மெஷினும் என்னிடம் கடைசிவரை முரண்டு பிடித்ததில்லை. சொல்லிக்கொடு, கற்றுக்கொள்கிறேன். அறுபத்து நாலு வயசில் யூனிக்ஸ். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன.

குழந்தைக்கு முத்தம்.

உன் அப்பா


ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தயவுசெய்து வேறு யாரையும் அந்த மெஷினைத் தொட விடாதீர்கள்.

பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் உள்ளே போக வழி உண்டு. மெஷின் கண் விழிக்கும்போதே அதைப் பாஸ்வேர்டு கேட்காத தனி ஆளாக எழுப்பி, பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். என்னென்ன அடிக்க வேண்டும் என்று தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு என்டர்.

மூன்று விஷயங்கள். சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் யூனிக்ஸ் வாயே திறக்காது, தப்பு நடந்தால்தான் பேசும். அழி என்று சொன்னால் நிஜமாகவா என்று கேட்காது, அழித்துவிடும், குப்பைத்தொட்டி கிடையாது. எக்காரணம் கொண்டும் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

உள்ளே போனதும் எதையும் தேட அவசரப்படாதீர்கள். ஒரு மாதமாவது கை பழகட்டும். நீங்களாகக் கோப்புகள் எழுதுங்கள், நகல் எடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் எழுதிப் பழகுங்கள். அவசரமே இல்லை.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்


மே 2

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீங்கள் சௌக்கியமாக இருங்கள். நான் சௌக்கியமாக இல்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. உன் தாளைப் பார்த்து ஆறு தடவை முயன்று, ஏழாவது தடவை உள்ளே போய்விட்டேன். ls என்று அடித்தால் உள்ளே இருக்கும் கோப்புகள், கோப்புகளை வைக்கும் அறைகள் எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறது. சந்தோஷத்தில் தனியாகக் கைதட்டினேன். சில அறைகளைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சிரித்துக்கொண்டே, நீ சொன்னபடி எழுதிப் பழகினேன். என் பெயர், உன் பெயர், நான் பார்த்த லிஃப்ட்டுகள் இருந்த கட்டடங்களின் பெயர் என்று பக்கம் பக்கமாக அடித்தேன்.

போன செவ்வாய், எழுதுவதற்காக vi என்ற ஒன்றுக்குள் போனேன். போனவன் போனவன்தான், வெளியே வர வழியில்லை. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஒரு கீச்சல், இல்லாவிட்டால் எழுத்துக் குப்பை. காலையிலிருந்து மத்தியானம் வரை போராடினேன். கோபம் தலைக்கேறிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நீ சொல்லியிருந்தாய். தெரிந்தேதான் பிடுங்கினேன்.

மறுபடி போட்டால் திரை முழுக்க ஏதேதோ ஓடி, கடைசியில் எதிர்பாராத கோளாறு, fsck என்பதைக் கையால் ஓட்டு என்று சொல்லி நின்றுவிட்டது. வார்த்தை வார்த்தையாக அகராதியில் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். ஓட்டினால் கேள்வி கேட்கிறது, ஆமாவா இல்லையா என்று. எதற்கு ஆமா, எதற்கு இல்லை? தப்பாகச் சொன்னால் தம்பி எழுதியது போய்விடுமோ என்று கை வரவில்லை. அப்படியே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவனை இரண்டாவது தடவையாகக் கொன்றுவிட்டேன், பாப்பா. முதல் தடவை எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம்தான் அதைப் பேசுவதில்லை. சீக்கிரம் பதில் போடு.

அப்பா


ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், குழந்தைக்குக் காய்ச்சல், வேலையும் அதிகம்.

பயப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்காத ஆளே இந்தத் தொழிலில் இல்லை. fsck என்பது டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளை. அதை அடித்து, ஓர் இடம் விட்டு, -y என்று சேர்த்து அடியுங்கள். எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆமா சொல்லிக்கொள்ளும். முடிந்ததும் reboot என்று அடித்தால் மெஷின் மறுபடி கிளம்பும். vi-யிலிருந்து வெளியே வர எஸ்கேப் கட்டையைத் தட்டிவிட்டு :q! என்று அடித்து என்டர்.

நீங்கள் எழுதியிருந்த மற்றதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 23

அன்புள்ள பாப்பாவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் நின்றதா? எழுது. எனக்கு முழங்கால்தான், மற்றபடி ஒன்றும் இல்லை.

மெஷின் பிழைத்துவிட்டது. உன் ஐந்து வார மௌனத்தில் நான் பிழைத்ததுதான் பெரிய விஷயம்.

சரிசெய்து முடித்ததும், தொலைந்து கிடைத்தவை என்ற பெயரில் ஓர் அறை இருப்பதைப் பார்த்தேன். திறந்தால் காலி. பத்து நாளாக ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்துவிட்டேன். அவன் கம்பெனி வேலை இருக்கிறது, மாத்திரைப் பட்டியல் இருக்கிறது, உனக்கு எழுதியவை இருக்கின்றன. அவற்றைப் படிக்கவில்லை. எனக்கு என்று ஒன்றும் இல்லை.

உனக்கு எழுத வரவில்லை என்றாய். எனக்கு வருகிறது. உனக்கு ரத்தம் சேரவில்லை, எனக்குச் சேர்ந்தது. ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பையன் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னார். மழை முடியட்டும் என்றேன். அப்புறம் முழங்கால் சரியாகட்டும் என்றேன். மூன்றாவது தடவை மருத்துவமனையில் சேர்ந்தே விட்டேன், பச்சை அங்கிகூட மாட்டிவிட்டார்கள். டாய்லெட்டுக்கு என்று சொல்லிவிட்டு, அந்த அங்கியோடு, செருப்புகூடப் போடாமல் ஐந்து மாடியும் படியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினாலு மாடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியவன் நான். ஒரு கத்திக்குப் பயந்தேன். இன்னொரு தேதி கிடைப்பதற்குள் அவன் உடம்பு ஆபரேஷனைத் தாங்காத நிலைக்குப் போய்விட்டது.

அவன் பேச்சை நிறுத்திவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நிறுத்தியது நான். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவன் நிமிர்வதற்குள் போய்விடுவேன். எந்த முகத்தோடு பேசுவது?

ஒன்று கேட்கிறேன். எங்கள் தொழிலில் மெஷின் ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டு தொங்கும். யார் திறந்தாலும் பெயரும் தேதியும் நேரமும் எழுதாமல் போகக் கூடாது. லிஃப்ட் கோளாறு என்றால் நான் ஸ்பானரைத் தொட மாட்டேன். முதலில் அந்த நோட்டு, கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று. யூனிக்ஸில் அப்படி ஏதாவது உண்டா?

உன் அப்பா


ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். இப்போது நிறைய பேசுகிறாள்.

நீங்கள் கேட்பதுபோல் நோட்டு எதுவும் அதில் கிடையாது. சிஸ்டர் வேறு யாரோ சொன்னதைத் தம்பி சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார். அந்த வார்டில் எத்தனை பேர். அவன் எழுத நினைத்து எழுதாமலும் விட்டிருக்கலாம். இத்தோடு விட்டுவிடுங்கள் அப்பா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மெஷினை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 3

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நோட்டு இருக்கிறது. யூனிக்ஸுக்குள்ளேயே அதன் கையேடும் இருக்கிறது என்று நீ சொல்லாமல் விட்டதைத் தம்பியின் அலமாரியில் இருந்த புத்தகம் சொன்னது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். last என்று அடித்தால் போதும். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது.

தம்பி கடைசியாக உட்கார்ந்தது ஜனவரி 11. ஜனவரி 24-ஆம் தேதி அவன் போனான். ஜனவரி 27, காலை 11.05-க்கு அவன் பெயரிலேயே, அவன் பாஸ்வேர்டிலேயே யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். 11.31-க்கு வெளியே வந்திருக்கிறார்கள்.

அடித்த கட்டளைகளையெல்லாம் யூனிக்ஸ் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதையும் திறந்தேன். மேலே தம்பி அடித்தவை. கீழே ஏப்ரல் கடைசியிலிருந்து என் தடுமாற்றங்கள். நடுவில் இந்த நான்கு வரிகள்:

cat appa
cat appa
cat appa
rm appa

cat என்றால் படிப்பது. rm என்றால் அழிப்பது. இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தது நீ ஒருத்திதான்.

அப்பா


ஆகஸ்ட் 30

பாப்பா, பதில் இல்லை. குழந்தை சௌக்கியமா? நான் திட்டவில்லை. எழுது.

அப்பா


செப்டம்பர் 22

அப்பாவுக்கு,

குழந்தை சௌக்கியம். நான்தான் இல்லை.

நான்தான் அழித்தேன். பாஸ்வேர்டு எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

அவன் போன நான்காம் நாள் காலை, துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னறையில் இருந்தார்கள். "என்னால ஆனதெல்லாம் செஞ்சு பாத்தேன், பையன் தங்கல" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் காது கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுவீர்கள். வீடு முழுக்கக் கேட்டது. அதே நேரம் உள்ளே நான் தம்பி எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவன் உங்களைத் திட்டவில்லை அப்பா. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதை அச்சடித்து உங்கள் கையில் கொடுத்திருப்பேன். அவன் உங்களை மன்னித்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைச் சாகவிட்டுவிட்டு, வந்தவர்களிடம் பொய்யும் சொல்லிக்கொண்டு, இதையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பாரா இந்த மனுஷர் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். அவனால் மன்னிக்க முடிந்தது, என்னால் முடியவில்லை.

உங்களுக்கு வழி சொன்னதுகூட, வேறு ஆள் கை வைத்தால் நான் செய்தது தெரிந்துவிடும் என்றுதான். இன்னும் ஒன்று. அழித்தாலும் எழுத்து டிஸ்க்கிலிருந்து உடனே மறைவதில்லை. அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை தடயம் இருக்கும், கெட்டிக்காரர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள். அதனால்தான் நிறைய எழுதிப் பழகச் சொன்னேன். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். இனிமேல் யாராலும் எடுக்க முடியாது.

ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன். "அப்பா, நீ படியிறங்கிப் போனதை ஜன்னல் வழியா பாத்தேன். செருப்புகூடப் போடல. எனக்குக் கோவம் வரல, பாவமா இருந்துச்சு. உன் இடத்துல நான் இருந்தாலும் ஓடியிருப்பேன். நீ பேச மாட்டேங்கிறதுதான் கஷ்டமா இருக்கு. மத்தபடி உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல." இவ்வளவுதான் நினைவிருக்கிறது. இதைவிட நீளமாக இருந்தது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


அக்டோபர் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. குழந்தையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். நீயும் நன்றாக இரு. மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அன்றைக்கு முன்னறையில் நான் சொன்னது பொய்தான். உன் இடத்தில் இருந்திருந்தால் மெஷினையே தூக்கி உடைத்திருப்பேன். இதை மனசார எழுதுகிறேன்.

ஆனால் தம்பி எழுதியதாக நீ எழுதியதை நாற்பது தடவை படித்துவிட்டேன். படிக்கும்போது நம்புகிறேன், மடித்து வைத்ததும் போய்விடுகிறது. படி, செருப்பு எல்லாம் ஜூன் மாதம் நானே உனக்கு எழுதியவைதான். அவன் உண்மையாகவே ஜன்னலில் நின்று பார்த்திருக்கலாம். இல்லை, கிழவன் இப்படியே செத்துப்போய்விடுவானே என்று இரக்கப்பட்டு நீயே கட்டி எழுதியிருக்கலாம். பிப்ரவரியிலிருந்து கை நடுங்காமல் எனக்குப் பொய் எழுதியவள் நீ. இதையும் எழுதியது அந்தக் கைதானே? எனக்கு எப்படித் தெரியும்? யாரைப் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவன் போய்விட்டான், எழுதியதும் போய்விட்டது, அதன் மேல் எழுதியது நான்.

லிஃப்ட்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு ஒரு தடவை கேட்பேன், நாலு நாள் கழித்து இன்னொரு தடவை கேட்பேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னால்தான் நம்புவேன். வேறு வழி எனக்குத் தெரியாது. அதனால் தம்பி எழுதியதை எனக்கு இன்னொரு தடவை எழுது, பாப்பா. உண்மை என்றால் நினைவிலிருந்தே எழுது. உண்மை இல்லை என்றால், உன் போன கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து, ஒரு வார்த்தை மாறாமல் எழுது.

உன் அப்பா